இம்போர்ட் என்றால் இறக்குமதி அல்ல

அனுப்புநர்
பா. வீரம்மாள்,
சத்துணவு அமைப்பாளர் (பணி நிறைவு),
திண்டிவனம்.

பெறுநர்
ஆசிரியர் அவர்கள்,
'தொண்டியாறு' வார இதழ்,
விழுப்புரம்.

பொருள்: என் மகள் கப்பலில் எதையும் கொண்டுவரவில்லை – விவரம் தெரிவித்தல் – மறுப்பு வெளியிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் சென்ற வார இதழ், பக்கம் 3, மேல் பாதி.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்களும் தங்கள் வீட்டாரும் அச்சகத்தில் உள்ளவர்களும் நல்ல சுகத்துடன் இருக்க வேண்டுகிறேன். இவ்விடம் நாங்களும் சுகம். சுகம் என்று எழுதிப் பழகிய கை, அதுவாக எழுதிவிட்டது. உண்மையில் தங்கள் இதழ் வந்த வியாழக்கிழமை தொடங்கி நேற்று முன்தினம் வரை எங்கள் வீட்டில் ஒருவரும் சுகமாக இல்லை. இருபத்தெட்டு வருடம் அரிசிக்கும் பருப்புக்கும் முட்டைக்கும் கடிதம் எழுதியவள் நான். பொருள், பார்வை போடாமல் எனக்கு எழுத வராது. அதற்காக என்னை ஏதோ வழக்குப் போடுகிறவள் என்று நினைத்துவிட வேண்டாம்.

'இறக்குமதியை ஒழுங்குபடுத்திய திண்டிவனம் இளம்பெண்! வெளிநாட்டு நிறுவனம் பாராட்டு!' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். அந்த இளம்பெண் என் மகள் கலைப்பிரியாதான். ஆனால் அவள் எதையும் இறக்கவில்லை ஐயா. அவள் எழுதியது ஒரு பிளகின். அது என்ன என்று தங்கள் நிருபர் தம்பி ரஞ்சித் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து இரண்டு டீ குடித்துக் கேட்டுக்கொண்டார். எழுதும்போதுதான் என்னவோ ஆகிவிட்டது. ஆகவே நடந்ததை நானே முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

என் மகள் விழுப்புரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறாள். மொத்தம் ஒன்பது பேர். முதலாளி பெயர் விருத்தாசலம். நெதர்லாந்து நாட்டில் உள்ள ஒரு கம்பெனிக்காக, ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு டோக்கன் போடுகிற புரோகிராம் ஒன்றை ஒன்பது பேரும் சேர்ந்து எழுதுகிறார்கள். எழுதுவதற்குக் கணினியில் ஓர் இடம் இருக்கிறது. அதற்கு எடிட்டர் என்று பெயர். தங்களைச் சொல்லவில்லை. இந்தப் பெயரால் ரஞ்சித் தம்பியே ஒரு நிமிடம் ஆடிப்போய்விட்டார். "இந்தப் பிளகின் எடிட்டருக்குள்ள போய் உக்காந்துக்கும்ங்க" என்று என் மகள் சொன்னதும், அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "எங்க எடிட்டருக்குள்ளயா?" என்று கேட்டார்.

அந்த எடிட்டரில் எந்தப் பக்கம் எழுதினாலும், உச்சியில் சில வரிகள் எழுத வேண்டுமாம். இந்த வேலைக்கு எது எதை எங்கெங்கிருந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லும் வரிகள். இம்போர்ட் வரி என்பார்கள். எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. சத்துணவு மையத்தில் அடுப்பு மூட்டுமுன் நான் கரும்பலகையில் எழுதுவேன்: அரிசி ஸ்டோர் ரூமிலிருந்து, முட்டை அட்டையிலிருந்து, கீரை வாசலில் வரும் வண்டியிலிருந்து என்று. அதேதான். ஆனால் நான் ஒருத்தி எழுதினேன். அங்கே ஒன்பது பேர். ஒருவர் அரிசியை மேலே எழுதுவார், ஒருவர் கீழே. ஒருவர் ஒரே பொருளை இரண்டு முறை எழுதுவார். சமைக்கவே போகாத பொருளையும் ஒருவர் எழுதி வைத்துவிட்டுப் போய்விடுவார். சாயங்காலம் எல்லோர் வேலையையும் ஒன்றாகச் சேர்க்கும்போது இந்த உச்சி வரிகளில்தான் முட்டிக்கொள்ளும். கூட வேலை செய்யும் இளவரசியும் தென்னரசும் ஒரு வரி மேலே போவதா கீழே போவதா என்று தகராறு செய்துகொண்டு மூன்று நாள் பேசிக்கொள்ளவில்லை. பக்கத்துப் பக்கத்து நாற்காலி ஐயா.

என் மகள் விழுப்புரம் போகவர ரயிலில்தான் போவாள். போக முக்கால் மணி, வர முக்கால் மணி. அந்த நேரத்தில் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு பட்டனை அழுத்தினால் போதும், வேண்டாத வரி காணாமல் போகும், இரண்டு முறை இருப்பது ஒன்றாகும், மீதி எல்லாம் அகரவரிசையில் வந்து நிற்கும். அதுதான் அந்தப் பிளகின். உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாகப் போட்டுவிட்டாள். விருத்தாசலம் சாரிடம் காட்டினாளாம். அவர், "இதக் கிளையன்ட் கேட்டானாம்மா? கேட்டத ஜல்தியா முடிக்கிற வழியப் பாரு" என்றுவிட்டுப் போய்விட்டார்.

இதன் பிறகு நடந்ததை மறைக்க நான் விரும்பவில்லை. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. மத்தியானம் மூன்று மணிக்கு நெதர்லாந்துக்காரர்களுக்கு வீடியோவில் புரோகிராமை ஓட்டிக் காட்ட வேண்டும். அன்று காலையில் இவள் யாரிடமும் சொல்லாமல், மொத்தப் புரோகிராமிலும் தன் பிளகினை ஓட விட்டுவிட்டாள். எல்லாப் பக்கமும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிரேயருக்கு நிற்பதுபோல் வரிசையாக நின்றதாம். பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்ததாம். மூன்று மணிக்குப் புரோகிராமைத் திறந்தால் வெறும் வெள்ளைத் திரை. மூடித் திறந்தார்கள். வெள்ளை. நெதர்லாந்தில் ஐந்து பேர் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள், இங்கே ஒன்பது பேருக்கு வேர்க்கிறது.

காரணம் ஒரே ஒரு வரி. அந்த வரி எந்தப் பொருளையும் எடுத்துத் தருவதில்லை. அடுப்பைப் பற்றவைப்பது மட்டுமே அதன் வேலை. அது எல்லாவற்றுக்கும் முன்னால் இருந்தாக வேண்டும். அதன் பெயர் இங்கிலீஷில் கடைசி எழுத்தான இஸட்டில் தொடங்குகிறதாம். இவளுடைய பிளகின் அகரவரிசைப்படி அதைக் கொண்டுபோய்க் கடைசியில் நிறுத்திவிட்டது. அடுப்பு பற்றாமல் உலை கொதிக்குமா? விருத்தாசலம் சார் அத்தனை பேர் எதிரில், எங்களிடம் ஒரு பெண் இருக்கிறாள், தன் சொந்தப் பிளகினைப் போட்டு எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாள் என்று இங்கிலீஷில் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அவர்கள் திங்கட்கிழமை மறுபடி பார்க்கிறோம் என்று எழுந்துவிட்டார்கள். இவளிடம் அவர், "திங்கக்கெழம வந்து லேப்டாப்ப ஒப்படைச்சுட்டுப் போயிடும்மா" என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கதவில் சாய்ந்துகொண்டு, "அம்மா, வேல போச்சு" என்றாள்.

எனக்கு வேறு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. "மத்தியானம் சாப்ட்டியா?" என்றேன்.

"சாப்டல."

"மொதல்ல சாப்புடு. வேல எங்க போயிடும்? போனா போன எடத்துல இருக்கும்" என்றேன். அப்படிச் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. ஆனால் அவள் சாப்பிட்டாள்.

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அவள் மாதா கோயில் மணி அடித்ததையும் கேட்கவில்லை, நான் கூப்பிட்டதையும் கேட்கவில்லை. உட்கார்ந்து அந்தப் பிளகினைத் திருத்தினாள். அடுப்புப் பற்றவைக்கிற வரி எது என்று அதுவே கண்டுகொள்ள வேண்டும், கண்டுகொண்டால் நகர்த்தக் கூடாது. அதற்கும் தப்பிப்போனால், எழுதுகிறவர் அந்த வரிப் பக்கத்தில் ஓர் அடையாளம் போட்டால் போதும், பிளகின் அதைத் தொடாது. இப்படி மாற்றி, ஞாயிறு மத்தியானம் மறுபடி உலகத்துக்குப் போட்டாள். "வேலைதான் போயிடுச்சே, இன்னும் எதுக்குடி இத நோண்டிக்கினு இருக்கிற?" என்று என் வீட்டுக்காரர் பாண்டுரங்கன் கேட்டதற்கு, "இத நம்பி எடுத்தவங்க இருக்காங்கப்பா. அவங்க ஸ்கிரீனும் வெள்ளையா போயிடக் கூடாது இல்ல" என்றாள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, என் மகள் வேலையை விட்டு எங்கேயும் போகவில்லை என்று.

திங்கட்கிழமை லேப்டாப்பை ஒப்படைக்க அவளோடு நானும் ரயில் ஏறினேன். கையில் ஒரு மனு. பொருள்: என் மகளை மன்னிக்கக் கோருதல். விழுப்புரத்தில் இறங்கி அந்த ஆபீஸ் மாடி ஏறினால், உள்ளே ஏற்கெனவே வீடியோ ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய மாதிரியே வரிகளை மாற்றி வைத்துப் புரோகிராம் ஓடுகிறது. எல்லாம் முடிந்தபின் நெதர்லாந்திலிருந்து ஓர் அம்மாள், வெள்ளைத் தலை, சிவப்புக் கண்ணாடி, ஏதோ கேட்கிறார். விருத்தாசலம் சார் முகம் மாறுகிறது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கும் எங்களைப் பார்க்கிறார். அடுத்த நொடி இளவரசி ஓடி வந்து, "ஏய், உன்னத்தான் கேக்குறாங்க, வாடி!" என்று என் மகளைக் கையைப் பிடித்து இழுத்துப்போனாள்.

விஷயம் இதுதான் ஐயா. அந்த நெதர்லாந்து கம்பெனியே இரண்டு மாதமாக என் மகளின் பிளகினைத்தான் வைத்திருக்கிறார்களாம். யார் எழுதியது என்று அவர்களுக்குத் தெரியாது, தங்களுக்கு வேலை செய்கிற கம்பெனியில்தான் அவள் இருக்கிறாள் என்றும் தெரியாது. அவர்களுக்கும் அதே வெள்ளைத் திரைத் தொந்தரவு ஓர் இடத்தில் இருந்ததாம். ஞாயிற்றுக்கிழமை புதியது வந்து அது சரியாகிவிட்டதாம். வெள்ளிக்கிழமை சார் சொன்ன பிளகின் எது என்று சந்தேகம் வந்து, எழுதியவர் பெயரைத் தேடிப் பார்த்திருக்கிறார்கள். கலைப்பிரியா பாண்டுரங்கன், திண்டிவனம் என்று இருந்ததாம். அந்த அம்மாள் "டிண்டி... வானம்?" என்று சிரமப்பட்டுச் சொன்னார். கதவுக்கு வெளியே நின்றிருந்த நான் என்னை மறந்து, "திண்டிவனம்!" என்று சத்தமாகத் திருத்திவிட்டேன். உள்ளே அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நெதர்லாந்தும் பார்த்தது.

பிறகு விருத்தாசலம் சார் தாமே வெளியே வந்து, "அம்மா, உக்காருங்க. டீ சாப்புட்றீங்களா?" என்றார்.

"லேப்டாப்ப யாருகிட்ட குடுக்கணுங்க?" என்று கேட்டேன்.

"அட, அத ஏம்மா கேக்குறீங்க? பேஜாரு பண்ணாதீங்க" என்றார். மனுவை நான் கொடுக்கவில்லை. கைப்பையிலேயே மடித்து வைத்துக்கொண்டு டீயைக் குடித்தேன். சர்க்கரை அதிகம். குறை சொல்லவில்லை.

இந்தச் சேதியைக் கேள்விப்பட்டுத்தான் ரஞ்சித் தம்பி வந்தார், எழுதினார், தாங்களும் போட்டீர்கள். மூன்றாம் வீட்டுச் சவுரியம்மாள்தான் முதலில் வந்தாள். "யக்கா, அடுத்த வாட்டி கப்பல் வரும்போது நல்ல சென்ட்டு ரெண்டு பாட்டில் எடுத்தாரச் சொல்லு" என்றாள். சிரித்து அனுப்பிவிட்டேன். ஆனால் மறுநாள் என் வீட்டுக்காரர் மல்லாட்டை (வேர்க்கடலை) மண்டியிலிருந்து பதினோரு மணிக்கே திரும்பி வந்துவிட்டார். அவர் அங்கே எடை போடுகிறவர், முப்பது வருடமாக. இந்த வருடம் மல்லாட்டை விலை இறங்கிக் கிடப்பதும், வெளிநாட்டுப் பாமாயில் வந்து குவிவதுதான் காரணம் என்று விவசாயிகள் கொதித்துக்கொண்டிருப்பதும் தாங்கள் அறிந்ததே. தாங்களே அதே மூன்றாம் பக்கத்தில் கீழ்ப் பாதியில் அந்தச் செய்தியைப் போட்டிருக்கிறீர்கள். மேலே என் மகள் படம், கீழே பாமாயில். படிக்கிறவர்கள் இரண்டையும் சேர்த்துப் படித்துவிட்டார்கள். "உம் பொண்ணு பாமாயில எறக்கிக்கினு இருக்குது, நீ எங்க மூட்டைய எட போட்றியா?" என்று கேட்டு, ஒருவரும் அவரிடம் மூட்டையைக் கொடுக்கவில்லை. அவர் வந்து சட்டையைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லை. எதிலும் குறை வைத்தார் என்று இதுவரை யாரும் அவரைச் சொன்னதில்லை ஐயா. எனக்கு அன்றைக்குத் தங்கள் மேல் வந்த கோபத்தை எழுத்தில் எழுத முடியாது.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு இரண்டு மினி லாரியில் இருபது பேர் எங்கள் வாசலில் இறங்கினார்கள். மேல்மலையனூர்ப் பக்கத்து விவசாயிகள். முன்னால் நின்றவர் பச்சைமுத்து, அறுபது வயது இருக்கும், தோளில் பச்சைத் துண்டு, கையில் தங்கள் இதழ். 

"இன்னாம்மா, கப்பல் எங்க நிக்குது?" என்றார்.

"கப்பலா? எங்க தெருவுல மினி லாரி திரும்புறதே கஷ்டம். நீங்க எப்பிடித் திருப்பப் போறீங்கன்னு நான் பார்த்துக்கினு இருக்கிறேன்" என்றேன்.

பின்னால் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. "பாமாயில நிறுத்தச் சொல்லு உம் பொண்ண. எங்க வயித்துல அடிச்சுட்டுப் பேப்பர்ல போட்டா போட்டுக்குறீங்களா?" என்று குரலை உயர்த்தினார். உள்ளே என் வீட்டுக்காரர் எழுந்து வருவது தெரிந்தது. அதற்குள் கலைப்பிரியா வந்துவிட்டாள், கையில் லேப்டாப்போடு. திறந்து காட்டினாள், விளக்கினாள். இம்போர்ட் என்றாள், ஸ்டேட்மென்ட் என்றாள். ஒவ்வொரு முறை இம்போர்ட் என்று அவள் சொல்லும்போதும் கூட்டம் ஓரடி முன்னால் வந்தது.

அவள் லேப்டாப்பை மூடிவிட்டாள். "அய்யா, நீங்க மல்லாட்டைய மார்க்கெட்டுக்கு எடுத்தாரதுக்கு முன்ன இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"இன்னா பண்ணுவோம்? காய வெப்போம். கல்லு, சருகு, சொத்தக் காய் எல்லாம் பொறுக்கி எறிவோம். பருக்காய் ஒரு பக்கம், சிறுசு ஒரு பக்கம் பிரிப்போம்."

"நான் பண்ணது அவ்ளோதாங்க. கம்ப்யூட்டர்ல எழுதுறவங்க வரிங்கள கண்டபடி கொட்டி வெச்சிருப்பாங்க. வேண்டாதத பொறுக்கி எறிஞ்சுட்டு மீதிய வரிசையா வெக்கும். அதுக்கு இங்கிலீஷ்ல இம்போர்ட்னு ஒரு பேரு. எண்ணெயும் இல்ல, கப்பலும் இல்ல."

பச்சைமுத்து நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்: "செரி, வெதைக்குன்னு தனியா எடுத்து வெச்சிருப்பமே, அதையும் சேத்துப் பொறுக்கிடுமா?"

என் மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அய்யா, அதத்தான் நான் யோசிக்காம விட்டேன். அதுலதான் எனக்கு வேலையே போச்சு. மொதல்லயே உங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்!" என்றாள்.

அவர் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். "பார்றா, நான் கேட்டது செரியாம்" என்றார். அப்புறம் என்ன! நெதர்லாந்துக்காரர்களைவிட நன்றாக இருபது பேரும் கேள்வி கேட்டார்கள். ஒருவர் ஈரக் காயை என்ன செய்யும் என்றார். பச்சைமுத்து நேரே என் வீட்டுக்காரரிடம் போய், "தப்பா நெனச்சுட்டோம் பாண்டுரங்கா, மனசுல வெச்சுக்காத. நாளைக்கு மொத மூட்ட நீதான் போட்ற" என்று கையைப் பிடித்துக்கொண்டார். வந்தது வந்தார்கள், பாமாயில் பற்றிக் கலெக்டருக்குக் கொடுக்க வைத்திருந்த மனுவை வாங்கிப் பார்த்தேன். பொருளும் இல்லை, பார்வையும் இல்லை. நானே உட்கார்ந்து புதிதாக எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை குறைதீர்க் கூட்டத்தில், யார் எழுதியது இவ்வளவு தெளிவாக என்று அதிகாரி ஒருவர் கேட்டாராம். அதே திங்கட்கிழமை மண்டியில் முதல் மூட்டையை என் வீட்டுக்காரர் எடை போட்டார். வீட்டுக்கு வந்து இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆகவே, மேற்கண்ட விவரங்களை முழுமையாக வெளியிட்டு, இம்போர்ட் என்றால் இறக்குமதி அல்ல என்று அதே பக்கத்தில், அதே கொட்டை எழுத்தில், மேல் பாதியில் மறுப்புப் போடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். கீழ்ப் பாதியில் என்ன போடுகிறீர்கள் என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளவும். தங்கள் இதழ் வாசகர் பெருகி, எழுத்துப் பிழை குறைந்து நீடூழி வளர அங்காளம்மனை வேண்டிக்கொள்கிறேன். ரஞ்சித் தம்பிக்கு எங்கள் ஆசி. அவர் மேல் கோபம் இல்லை, மறுபடி வந்தால் டீ உண்டு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பா. வீரம்மாள்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கலைப்பிரியா கடிதத்தை வாங்கிப் படித்தாள். படிக்கப் படிக்கப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். அந்தப் பிளகினைப் பற்றி நான் எழுதியதில் பதினோரு தவறு இருக்கிறதாம். "அந்தத் தம்பியாவது ஒரு தப்புதாம்மா பண்ணாரு" என்கிறாள். ஆகவே மேற்படி மறுப்பை வெளியிட வேண்டாம். இந்தக் கடிதத்தையும் கிழித்துவிடவும். சென்ற வாரச் செய்தியே இருந்துவிட்டுப் போகட்டும். அந்த இதழில் பத்துப் பிரதிகள் மீதம் இருந்தால் உடனே அனுப்பி வைக்கவும். உறவுக்காரர்கள் எல்லோரும் கேட்கிறார்கள்.